வீட்டுப் பட்டறை, வாசகர் கேள்விகள்: பின்கட்டில் பியர் காய்ச்ச ஓர் அறை

சென்ற மாதம் பழைய குளிர்சாதனப் பெட்டிகளைப் பற்றி எழுதியபோது, என் வீட்டுப் பின்கட்டில் ஒரு பெட்டி பியர் நொதிக்க வைப்பதற்காகவே ஓடுகிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இம்முறை முழுக்க அதுதான். 31 ஆண்டுகள் குளிர்சாதன வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2009 முதல் வீட்டில் பியர் காய்ச்சுகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. ஜாலான் காயு பக்கம் தரைவீடு. பின்னால் மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இடம் சும்மா கிடக்கிறது. அங்கே பியர் காய்ச்சத் தனி அறை கட்ட ஆசை. 50 லிட்டர் பானை மூன்று கொண்ட செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணம் கட்டலாமா? முதலில் எதற்குச் செலவு செய்வது?

தம்பி, முன்பணம் கட்டாதீர்கள். நம் சிங்கப்பூரில் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. ஆனால் சுங்கத்துறை வரம்பு வைத்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர்தான். காய்ச்சுபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், குடியிருக்கும் வீட்டிலேயே காய்ச்ச வேண்டும், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், விற்கக் கூடாது. வடித்தெடுக்கும் சாராய வேலைக்கு அறவே இடமில்லை. 50 லிட்டர் பானையை நிரப்பி ஒரு முறை காய்ச்சினாலே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். 35 லிட்டர் கொள்ளும் ஒரே மின்பானை போதும். ஊறல், கொதி இரண்டும் அதிலேயே முடியும். மாதம் ஒரு முறை 20 லிட்டர் பியர், வெயில் காலத்துக்கும் விருந்தாளிக்கும் சேர்த்துத் தாராளம்.

மிச்சப்படும் பணத்தைத் தரையில் போடுங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். 2011-ல் என் பின்கட்டை மூடியபோது, தரை அழகாக மட்டமாக இருக்கட்டும் என்று ஓடு பதிக்கச் சொன்னேன். ஒப்பந்தக்காரரும் நீர்மட்டம் வைத்துப் பார்த்துப் பதித்தார். பியர் வேலையில் பாதிக்குமேல் கழுவுதல்தான். ஒவ்வொரு முறையும் மூலையில் தண்ணீர் தேங்கும், அதில் சிந்திய வோர்ட் (முளைகட்டிய தானியமான மால்ட்டை ஊற வைத்து எடுத்த இனிப்புச் சாறு) கலக்கும், மறுநாள் புளித்த நாற்றம். இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு மொத்த ஓட்டையும் பெயர்த்தேன். இப்போது மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு, நடுவில் ஒரு வடிகால், வழுக்காத ஓடு, சுவரில் இடுப்புயரம் வரை ஓடு. ஒரு வாளித் தண்ணீரை எங்கே ஊற்றினாலும் தானாக ஓடிவிடுகிறது.

அந்த வடிகால் கழிவுநீர்க் குழாயோடு சேர வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஓடும் திறந்த கால்வாயில் விடவே கூடாது. நம் தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாயில் விழும் மழைநீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து நம் குழாய்க்கு வருகிறது. பானை கழுவிய காரநீரை அதில் கலப்பதை நினைத்தாலே எனக்கு மனது கேட்பதில்லை. உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைக் கொண்டு இணையுங்கள். கூரை போடுவதற்கு முன் ஒரு கட்டடக் கலைஞரிடம் காட்டி, அனுமதி விவகாரத்தை முடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் செய்திருக்கிறார் என்பது அனுமதி ஆகாது.

அடுத்தது ஆவி. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் மூன்று மூன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். அது எங்கே போகும் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஏற்கனவே ஈரம். என் கூரைப் பலகை நான்கே மாதத்தில் கறுத்துப் பூஞ்சை பிடித்தது, சொட்டு சொட்டாகப் பானைக்குள்ளேயே விழுந்தது. இப்போது பானைக்கு நேர் மேலே ஒரு புகைக்கூண்டு, வெளியே தள்ளும் விசிறி, எதிர்ச்சுவரில் கீழே காற்று வர ஒரு திறப்பு. காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் விசிறி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயனில்லை.

எரிவாயு அடுப்பா மின்சாரமா என்றால் மின்சாரம். மூடிய அறையில் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பயம் இருக்கிறது. 25 லிட்டர் தண்ணீரை நம் குழாயின் 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல் ஆகும். 3 கிலோவாட் சூடேற்றி என்றால் முக்கால் மணி நேரம். நம் 13 ஆம்பியர் பிளக் தாங்கும் உச்சமும் அதே 3 கிலோவாட்தான். ஆகவே அந்தப் பானைக்கென்று மின்விசைப் பலகையிலிருந்து தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு வயர் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி என்ற கருவி கட்டாயம் வேண்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கப் போகிறவர் நீங்கள். இதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இந்த அறையின் உயிர் குளிர்தான். ஐரோப்பாவில் நிலவறையில் வைத்தால் போதும் என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அது உதவாது. தோசை மாவை நினைத்துப் பாருங்கள். ஊட்டியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காத மாவு இங்கே ஆறு மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டும். பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டும் அப்படியே. ஏல் என்ற வகை பியருக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். 30 டிகிரியில் விட்டால் மூன்றே நாளில் நொதித்து முடித்துவிடும், ஆனால் வார்னிஷ் போன்ற காட்டமும் தலைவலியும் மிஞ்சும். அதோடு நொதிக்கும்போது அதுவே சூடு கிளப்பும். திரவம் சுற்றியுள்ள காற்றைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும்.

எனவே பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்குங்கள். நான் 150 வெள்ளிக்கு வாங்கியது ஒன்பதாவது ஆண்டாக ஓடுகிறது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பெட்டிக்கும் பிளக்குக்கும் இடையில் மாட்டி 19 டிகிரியில் வையுங்கள். உணரியைக் காற்றில் தொங்கவிடாமல், தொட்டியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு பஞ்சுத்துண்டு வைத்துக் கட்டுங்கள். அப்போதுதான் அது பியரின் வெப்பத்தைப் படிக்கும். கம்ப்ரெஸர் நின்று மறுபடி கிளம்ப ஐந்து நிமிட இடைவெளி கொடுங்கள். இதை விட்டுவிட்டுக் கம்ப்ரெஸரை எரித்தவர்கள் வீட்டுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பெட்டியின் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், மாலை வெயில் விழும் சுவரில் நிறுத்தாதீர்கள்.

கொதித்த வோர்ட்டைச் சீக்கிரம் ஆற்றுவதும் இங்கே கஷ்டம். செம்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் விட்டால் 35 டிகிரிவரை விரைவாக இறங்கும், அப்புறம் நகராது. குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்புதானே. அந்த இடத்தில் நான் குழாயை நிறுத்திவிட்டு, மீன்தொட்டிப் பம்ப் ஒன்றால் ஐஸ் தண்ணீரைச் சுருளில் சுற்றவிடுகிறேன். ஆறு கிலோ ஐஸ் போதும், 20 டிகிரிக்கு வந்துவிடும். சுருளிலிருந்து வெளியேறும் தண்ணீரை வாளிகளில் பிடித்துக் கழுவப் பயன்படுத்துங்கள், ஆனால் அன்றே தீர்த்துவிடுங்கள். வாளித் தண்ணீரை மறந்து ஊருக்குப் போனால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. நம் குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகக் குளோரமின் சேர்க்கிறார்கள். குடிக்க ஒரு குறையும் இல்லை. ஆனால் அது மால்ட்டோடு சேர்ந்தால் மருத்துவமனைப் பிளாஸ்திரி வாடை கிளம்பும். என் முதல் மூன்று தொட்டியும் அந்த வாடையால் கழிநீருக்குப் போயின. பாத்திரத்தைத்தான் சரியாகக் கழுவவில்லை என்று மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருந்தேன். குளோரின் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போய்விடும், குளோரமின் அப்படிப் போகாது. குளோரமினை முறிக்கும் காம்டன் மாத்திரையில் அரையைப் பொடித்து 30 லிட்டரில் கலக்குங்கள், சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

கேள்வி: செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குவீடு. தனி அறைக்கு வழியில்லை. எனக்கெல்லாம் இது சாத்தியமா?

சாத்தியம். சட்டம் தரைவீடு, அடுக்குவீடு என்று பிரிக்கவில்லை. துணி காயப்போடும் இடத்தில் ஒரு பானை, ஒரு தொட்டி போதும். பொருள்களைத் தாழ்வாரத்தில் மட்டும் வைக்காதீர்கள், அது தீ நேரத்தில் அண்டை வீட்டாருக்கு வழி. பெட்டிக்கு இடமில்லை என்றால் நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட்டான குவெய்க் வாங்குங்கள். அது 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும், நம் வெயிலுக்கென்றே பிறந்தது போல. எனக்கு அதில் ஆரஞ்சுத் தோல் மணம் வருவது பிடிக்கும். கொதித்த வோர்ட்டைச் சூடு தாங்கும் கேனில் காற்றில்லாமல் மூடி வைத்து, ராத்திரி தானாக ஆறவிட்டு, மறுநாளே ஈஸ்ட் போடுங்கள். நாள்கணக்கில் வைக்கக் கூடாது.

கேள்வி: என் கணவர் வாஷிங் மெஷின் இருக்கும் சிறு அறையை மூடி அதற்குள் பியர் செய்யப் போகிறாராம். எங்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். அதிலிருந்து வரும் வாயு ஆபத்தா? பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே? (உட்லண்ட்ஸ் வாசகி)

அம்மா, உங்கள் கவலை நியாயமானது, அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். 20 லிட்டர் பியர் நொதிக்கும்போது முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளிவரும். அது 400 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். சில நாள்களில் மெல்ல மெல்ல வருவதால், ஜன்னல் திறந்த அறையில் ஒன்றும் ஆகாது. எல்லாப் பக்கமும் அடைத்த சிறு அறை வேறு விஷயம். அது காற்றைவிடக் கனமான வாயு, தாழ்வான இடத்தில் தங்கும், மணம் கிடையாது, பிள்ளைகள் உயரமோ குறைவு. அதைவிட அஞ்ச வேண்டியது, பியரைப் பீப்பாயில் அடைத்துக் குடிப்பவர்கள் வைத்திருக்கும் வாயு உருளை. ஐந்து கிலோ உருளை மூடிய அறையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அறையை மூட வேண்டாம். உருளை காற்றோட்டமான இடத்தில், சுவரோடு சங்கிலியால் கட்டி நிற்கட்டும்.

பாட்டில் வெடிப்பது உண்மை. என் வீட்டிலேயே ஒரு நள்ளிரவில் நான்கு பாட்டில் அடுத்தடுத்து வெடித்துக் கண்ணாடி கதவுவரை வந்து குத்தியது. யாரும் அங்கே இல்லாதது நல்ல காலம். நொதித்து முடியும் முன் அவசரப்பட்டு அடைத்ததுதான் காரணம். தண்ணீரோடு ஒப்பிட்டுத் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் காட்ட வேண்டும். தொடக்கத்தில் 1.050 என்றால் பெரும்பாலும் 1.010 பக்கம் நிற்கும், அது ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஆல்கஹால் உள்ள பியர். அப்புறம் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை, தராசில் நிறுத்து. மெல்லிய கண்ணாடி பாட்டில் வேண்டாம். அடைத்த பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டு இரண்டு காரியத்துக்கும் ஆகும், பிள்ளைகள் கையில் பியர் படாமலும் இருக்கும்.

கேள்வி: மகள் திருமணத்துக்கு நானே காய்ச்சிய பியர் வைக்கலாமா? காய்ச்சிய பிறகு மிஞ்சும் தானியத்தை என்ன செய்வது? (பாசிர் ரிஸ்)

திருமண மண்டபத்துக்கு வேண்டாம் ஐயா. அனுமதி சொந்தப் பயன்பாட்டுக்குத்தான், அளவும் 30 லிட்டர்தான். கடையில் வாங்கிவிடுங்கள்.

தானியத்தை வீசாதீர்கள். நாலரை கிலோ மால்ட் ஊறி வடிந்தபின் ஏழெட்டு கிலோ எடை இருக்கும், நம் சூட்டில் ஒரே ராத்திரியில் புளித்துவிடும். அன்றே தட்டில் பரப்பி ஓவனில் காய வைத்து அரைத்து வையுங்கள். என் மனைவி அடை மாவில் நான்கு பங்குக்கு ஒரு பங்கு சேர்ப்பார். கேழ்வரகு போல் நிறம், கொஞ்சம் மொறுமொறுப்பு, பூண்டும் காய்ந்த மிளகாயும் கூடப் போட வேண்டும். மீதி செடிக்கு. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் சக்கையை மட்டும் தனியாகக் கட்டி மூடிய குப்பைத் தொட்டியில் போடுங்கள். அது நாய்க்கு நஞ்சு, உயிரையே எடுத்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் காய்ச்சும் நாளில் அதை முன்பக்கம் கட்டிவிடுங்கள்.