சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டிய பயிர்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் மலைப்பூண்டைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பூம்பாறைக்காரர்கள் பூண்டைப் புகையில் காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருந்து விற்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி.

போன மாதம் குடும்பத்தோடு கோத்தகிரி வந்திருந்தோம். வழியெல்லாம் தேயிலைத் தோட்டங்கள் புதர் மண்டிக் கிடந்தன. நடுவில் காட்டுமாடுகள் மேய்கின்றன. பக்கத்திலேயே புதிது புதிதாகத் தங்கும் விடுதிகள். டீக்கடையில் விசாரித்தால் எல்லோரும் ஒரே பாட்டு: பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து செய்தித்தாளில் இதையேதான் வாசிக்கிறேன். அரசு மானியம் கொடுக்கிறது, கூட்டுறவுத் தொழிற்சாலை கட்டிக் கொடுத்திருக்கிறது, ரேஷன் கடையில் ஊட்டி டீ விற்கிறது. இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? விலை இல்லையென்றால் பயிரை மாற்ற வேண்டியதுதானே? உங்கள் ஊரில் முன்பு உருளைக்கிழங்குதானே போட்டார்கள்? இயற்கை விவசாயத்துக்குப் போகலாமே? கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். நானும் விவசாயக் குடும்பத்துப் பையன்தான்.

இன்னொன்று. ஓய்வுக்குப் பிறகு அங்கே ஒரு ஏக்கர் தேயிலை வாங்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ச.,
திருப்பூர்

*

அன்புள்ள ச.,

கடுமை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இதைவிடக் கடுமையாகவே பேசிக்கொள்வோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் தேயிலை உண்டு. ஆகவே என்னிடம் நடுநிலையை ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்துக்கான பதில் அதன் முதல் பத்தியிலேயே இருக்கிறது. பூம்பாறைக்காரர் பூண்டை எடுத்ததும் அன்றே விற்க வேண்டியதில்லை. கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிடுகிறார். அடுப்புப் புகை படுகிறது. வடுகபட்டிச் சந்தையில் விலை சரியில்லை என்று கேள்விப்பட்டால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே இருந்துவிடலாம். அடுத்த போகத்துக்கு விதையும் அந்தப் பரணிலேயே இருக்கிறது. 2019இல் அந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெரிதாகப் பேசுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த விவசாயிக்குப் பலம் குறியீட்டைவிடப் பரணில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்போது கோத்தகிரிக்கு வாருங்கள். காலையில் கொழுந்து பறிக்கிறார்கள். பறித்த நிமிடத்திலிருந்தே அது கெட ஆரம்பிக்கிறது. சாக்கில் அடைத்து வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும். சிவந்த இலையைத் தொழிற்சாலையில் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் எடையில் கழிப்பார்கள். அன்று சாயங்காலம் வண்டி வந்தே ஆக வேண்டும், தொழிற்சாலை என்ன விலை போட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். சரி, விலை ஏறும் வரை பறிக்காமல் விடலாமே என்றால் அதுவும் முடியாது. ஒரு சுற்று விட்டால் கொழுந்து முற்றிவிடும். அடுத்த சுற்றில் முற்றல் இலையும் கொழுந்தும் கலந்து வரும், தரம் போச்சு என்று விலை இன்னும் இறங்கும். செடியிலும் வைத்திருக்க முடியாது, சாக்கிலும் வைத்திருக்க முடியாது. இப்படிப்பட்ட பொருளை வைத்துக்கொண்டு யாரிடமும் பேரம் பேச முடியாது.

இன்னும் வேடிக்கை, பெரும்பாலும் கொடுக்கும்போது விலையே தெரியாது. மாத முடிவில் குன்னூர் ஏலத்தில் தேயிலைத்தூள் என்ன விலைக்குப் போனதோ அதைக் கணக்கிட்டுத் தேயிலை வாரியம் மாவட்டத்துக்கு ஒரு சராசரி விலையை அறிவிக்கும். அதன்படிதான் பணம் வரும். சுமார் நாலரைக் கிலோ பச்சை இலையிலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். தூள் ஒரு வருடம்கூடத் தாங்கும். இலை அரை நாள் தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது தொழிற்சாலை. அதை வைத்திருப்பவர் கையில்தான் காலம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது இலை மட்டும்தான்.

உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் காலத்திலிருந்து இந்த மலையில் கிழங்கு போடுகிறோம். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு சரிவில் கிழங்கு நிற்கும். தழை காய்ந்த பிறகும் மண்ணுக்குள்ளேயே கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம். தோண்டி எடுத்தாலும் இந்தக் குளிருக்கு வீட்டில் கிடக்கும். அந்தக் காலத்தில் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை விழுந்தால் மூட்டையை அனுப்பாமல் நிறுத்தி வைத்தவர்கள் உண்டு.

எல்லோராலும் அப்படி நிறுத்த முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் மண்டியில்தான் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கிழங்கு கெடாமல் காத்திருந்தாலும் கடன் காத்திருக்காது. 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தொடங்கப்பட்டதற்கு இதுவே காரணம். கடனையும் விற்பனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, மேட்டுப்பாளையத்தில் கிழங்கை ஏலத்தில் விற்றுக் கொடுத்தார்கள். மண்டிக்காரரின் தயவு இல்லாமல் காத்திருக்கக் கிடைத்த வழி அது. இன்றும் எங்கள் பெரியவர்கள் அந்தச் சங்கத்தைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார்கள்.

பிறகு நூற்புழு வந்தது. 1961இல் ஊட்டிப் பக்கத்து நிலங்களில் கிழங்கு வேரில் பொன்னிற முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். கடுகைவிடச் சின்ன முட்டைக்கூடுகள். கிழங்கு போடாமல் விட்டாலும் மண்ணுக்குள் பல வருடங்கள் உயிரோடு கிடக்கும். 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு மாவட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று அரசு தடை போட்டது. நோய் பரவாமல் இருக்க வேறு வழி இல்லை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல காசு பார்த்த விதை வியாபாரம் அத்தோடு போயிற்று. ஊட்டிப் பக்கத்து முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வருடக்கணக்காக உழைத்து, நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை 1985இல் கொண்டுவந்தார்கள். அதற்குள் எத்தனையோ கிழங்குக் காடுகள் தேயிலையாக மாறிவிட்டன.

மாறியவர்கள் முட்டாள்கள் இல்லை. தேயிலையை ஒரு தடவை நட்டால் தலைமுறைக்கும் நிற்கும். காட்டுப்பன்றி தோண்டாது. கருகல் நோய்க்கு விடிய விடியப் பயப்பட வேண்டாம். முக்கியமாக, மாதாமாதம் பணம் வரும். பிள்ளைகளைக் கோயம்புத்தூரில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க மாதப் பணம்தானே வேண்டும். எங்கள் ஊர்களில் இன்று இருக்கும் இன்ஜினியர்களும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் தேயிலைப் பணத்தில் வந்தவர்கள். அந்தச் சமயத்தில் சோவியத் யூனியன் தென்னிந்தியத் தேயிலையை அள்ளிக்கொண்டு போனது. வாங்குபவர் வாசலில் நிற்கும்போது, நம்மால் காத்திருக்க முடியுமா என்று யாரும் யோசிப்பதில்லை.

1991இல் அந்தச் சந்தை உடைந்தது. நடுவில் சில வருடங்கள் நல்ல விலை வந்ததால் விஷயம் முழுதாக உறைக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் விழ ஆரம்பித்தது, 2000இல் பச்சை இலை கிலோ 5 ரூபாயை ஒட்டி வந்து நின்றது. பறிப்புக் கூலிக்கே அது காணாது. மாவட்டமே தெருவில் இறங்கியது. அப்போதிலிருந்து நீங்கள் சொன்ன அந்த ஒரே பாட்டுதான். 2023 செப்டம்பரிலும் ஊர் ஊராக உண்ணாவிரதம் இருந்தார்கள். உங்களுக்கு அலுத்துவிட்டது, நியாயம்தான். பாடுகிறவர்களுக்கும் அலுத்துவிட்டது.

மானியத்தைவிடக் கூட்டுறவைப் பற்றியே பேச வேண்டும். 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1965இல் இவற்றுக்கெல்லாம் தலைமைச் சங்கமாக இன்கோசர்வ் அமைந்தது. இப்போது 16 தொழிற்சாலைகள், சுமார் 30,000 உறுப்பினர்கள். அதை யோசித்தவர்களுக்கு என் கும்பிடு. காத்திருக்க முடியாத இலையைக் காத்திருக்கக்கூடிய தூளாக மாற்றும் இயந்திரம் விவசாயியின் கையிலேயே இருக்கட்டும் என்பது எவ்வளவு சரியான எண்ணம்!

ஆனால் இயந்திரம் கிடைத்ததே தவிரக் காத்திருப்பதற்கான பணம் கிடைக்கவில்லை. இலை கொடுத்த உறுப்பினருக்கு மாதம் முடிந்ததும் பணம் கொடுக்க வேண்டும். தூள் ஏலத்துக்குப் போய், விற்று, பணம் வர வாரக்கணக்கில் ஆகும். கையிருப்பு இல்லாத சங்கம் என்ன செய்யும்? குன்னூரில் இந்த வாரம் என்ன விலையோ அதற்குத் தள்ளிவிடும். அந்த ஏலத்தில் மொத்தமாக வாங்கும் பெரிய கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. யார் அவசரத்தில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தனி விவசாயிக்கு இருந்த அவசரம் அப்படியே தொழிற்சாலைக்கு இடம் மாறியது.

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்கக்கூடாது. தனியார் தொழிற்சாலைக்கு இலை வாங்கும் ஏஜென்ட் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்று வண்டியை வாசலில் நிறுத்தினால் நல்ல கொழுந்து அங்கே போகும். கத்தரியில் வெட்டிய முற்றல் இலை சங்கத்துக்குப் போகும். அந்த இலையில் சங்கம் நல்ல தூள் போட முடியாது. நல்ல தூள் போடாததால் நல்ல விலை கொடுக்க முடியாது. விலை கொடுக்காததால் நல்ல கொழுந்து வராது. இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சாயங்காலம் ஏஜென்ட் வண்டி வந்ததும் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். ஏஜென்டிடம் பிள்ளையின் பீஸுக்கு முன்பணம் வாங்கியிருப்பார்கள், வேறென்ன செய்வார்கள். 1935இல் மண்டிக்காரர் நின்ற இடத்தில் இப்போது இவர் நிற்கிறார்.

பயிரை மாற்றலாமே என்கிறீர்கள். மாற்றியவர்கள் இருக்கிறார்கள். தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டவர்களைப் பாருங்கள். நடுராத்திரியில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறார்கள். விடிவதற்குள் இயந்திரத்தில் கழுவி லாரி ஏற்றினால்தான் மேட்டுப்பாளையத்தில் விலை. விதை வெளிநாட்டு வீரிய விதை, டப்பாவில் வருகிறது. ஆக இதுவும் காத்திருக்க முடியாத பயிர்தான், தேயிலையைவிட முதல் அதிகம். ஒரே வாரத்தில் லட்சம் பார்த்தவரும் உண்டு, அறுக்காமல் மாட்டுக்கு விட்டவரும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, காய்கறிச் சரிவுகளில் பயிரோடு மேல்மண்ணும் சேர்ந்து போயிற்று. செங்குத்தான சரிவில் தேயிலையைப் பிடுங்கிக் காய்கறி போடுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் மலையிலும் பூண்டு போடுகிறார்கள். ஊட்டிப் பூண்டை விதைக்காக வாங்க வட இந்திய வியாபாரிகள் மேட்டுப்பாளையம் வரைக்கும் வருகிறார்கள். 2024 தொடக்கத்தில் பூண்டு சில்லறையில் கிலோ 400 ரூபாய்க்குப் போனபோது, பரணில் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், முடிக்கொத்து நோயில் மலைவாழை அழிந்த பிறகு காபியும் மிளகும் பெருகின. காய்ந்த மிளகு வருடக்கணக்கில் மூட்டையில் கிடக்கும். விலை விழுந்த வருடம் மிளகு விற்காத வீட்டை அங்கே பார்க்கலாம். கோத்தகிரியிலும் தாழ்வான பக்கங்களில் நிழல் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறார்கள். ஊட்டி உயரத்தில் அது வராது. முழுத் தேயிலையையும் பிடுங்க வேண்டாம், நிலத்தில் ஒரு மூலையாவது காத்திருக்கக்கூடிய பயிராக இருக்கட்டும் என்பதுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது. அரசுக்குச் சொல்ல வேண்டுமானால், கிலோவுக்கு இரண்டு ரூபாய் மானியத்தைவிட, கூட்டுறவுத் தொழிற்சாலை மூன்று மாதம் தூளை விற்காமல் வைத்திருக்கக் குறைந்த வட்டியில் பணம் கொடுங்கள் என்பேன். இலையைத் தரம் பார்த்து வாங்குவதும் கூடவே வேண்டும், இல்லையென்றால் மூன்று மாதம் குப்பையைக் காவல் காத்த கதையாகிவிடும்.

இயற்கை விவசாயத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று: இயற்கைத் தேயிலைக்குக் கூடுதல் விலை தூளில்தான் கிடைக்கிறது. அதைத் தனியாகத் தூளாக்கித் தனியாக விற்க ஆள் இல்லாவிட்டால், அந்த இலையும் சாயங்காலம் அதே வண்டியில்தான் ஏறும்.

நீங்கள் பார்த்த புதர் மண்டிய தோட்டங்கள் பெரும்பாலும் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளுடையவை. பறிக்க ஆள் கிடைப்பதில்லை. இலங்கையிலிருந்து வந்து இந்தத் தோட்டங்களைக் காப்பாற்றியவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கே வேலைக்கு வந்துவிட்டார்கள், உங்கள் பனியன் கம்பெனியில்கூட இருக்கலாம். இப்போது ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் பறிக்கிறார்கள். புதருக்குள் கரடி படுத்திருக்குமோ என்ற பயம் அவர்களுக்கும் உண்டு.

ஒரு ஏக்கர் வாங்குவது பற்றி. வருமானத்துக்கு என்றால் வேண்டாம். ஏக்கருக்கு வருடத்தில் நாலாயிரம், ஐயாயிரம் கிலோ இலை வரும். அதில் கிடைக்கும் பணத்தில் பாதியைப் பறிப்புக் கூலியே தின்றுவிடும். உரம், கவாத்து, வண்டி எல்லாம் மீதியில். வாழ்வதற்கு என்றால் தாராளமாக வாருங்கள். ஆனால் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நிலத்திலிருந்து இலையை எந்தத் தொழிற்சாலை எடுக்கிறது, மாதப் பணத்தை எத்தனை நாளில் கொடுக்கிறது என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்கள். வீடு கட்ட இங்கே மலையிடப் பாதுகாப்பு விதிகள் உண்டு. தரகர் அதைச் சொல்ல மாட்டார், நீங்களே விசாரியுங்கள். நிலம் பார்க்க மே மாதத்தில் வராதீர்கள். அப்போது மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் எல்லாமே அழகாகத் தெரியும். அக்டோபர் கடைசியில், மழையும் கொழுந்தும் ஒன்றாக வரும் நேரத்தில் வாருங்கள். வந்தால் எழுதுங்கள், எடை போடும் கொட்டகைக்கு நானே கூட்டிப்போகிறேன்.