வீட்டுப் பத்திரத்தை வைத்து லண்டனில் படிக்கலாமா?

கேள்வி: என் வயது 27. பி.டி.எஸ். (பல் மருத்துவம்) முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாகத் திருநெல்வேலியில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 25,000 ரூபாய். லண்டனில் 'குளோபல் ஹெல்த்' முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓராண்டுப் படிப்புக்கு எல்லாச் செலவும் சேர்த்து 42 லட்சம் ஆகும். குடும்பச் சேமிப்பு 7 லட்சம் இருக்கிறது. மீதி 35 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் தர வங்கி தயார். ஆனால் அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். அப்பா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். ஐ.நா. அமைப்பு ஒன்றில் வேலை பார்ப்பதே என் கனவு. இந்தக் கடனை வாங்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: படிப்பு நல்ல படிப்பு, சகோதரி. கடன்தான் வேண்டாம் என்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 35 லட்சத்துக்கு 10.5 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே மாதம் 30,625 ரூபாய். இன்று நீங்கள் வாங்கும் முழுச் சம்பளமும் அந்த வட்டிக்கே போதாது. படிக்கும் ஓராண்டும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முழுத் தொகையையும் தொடக்கத்திலேயே வாங்கினால், இரண்டு ஆண்டு வட்டி சேர்ந்து கடன் 42 லட்சத்தைத் தாண்டிவிடும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 57,000 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் 47,000. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 84 லட்சத்துக்கு மேல்.

வெளிநாட்டில் வேலை கிடைத்தால் இதைச் சமாளிக்கலாம். கிடைக்குமா என்பதில்தான் எனக்குக் கவலை. உங்கள் துறைக்குப் பணம் வந்த வழிகள் அண்மையில் அடைபட்டுவிட்டன. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக 2025 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்தது. பல நாடுகளில் காசநோய், எச்.ஐ.வி. திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்டு அமைப்பின் உதவிப் பணிகள் அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தன. உலக சுகாதார நிறுவனமே ஆள்குறைப்பு செய்தது. நீங்கள் பட்டத்தோடு வெளியே வரும்போது, பத்து, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர்களும் அதே வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பார்கள். பிரிட்டனில் படித்து முடித்த பின் தங்கி வேலை தேடும் 'கிராஜுவேட்' விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளிலிருந்து 18 மாதங்களாகக் குறைகிறது.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றால் அது வாராக் கடன். அடமானச் சொத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஏலம் விட 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து மகனின் கடன் கணக்குப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெகு நேரம் அதைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார். மகன் வெளிநாட்டில் படித்து முடித்து, வேலை அமையாமல் திரும்பியிருந்தான். அப்பாவின் ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் முகம்தான் என் கண்முன் வந்தது.

சரி, என்ன செய்யலாம்? இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். பல பல்கலைக்கழகங்கள் சம்மதிக்கும். டெபாசிட் கட்டியிருந்தால் அதன் நிலையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஓராண்டில் உதவித்தொகைகளுக்கு முயலுங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் தருகிறது. அதற்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் தேவை. மூன்று ஆண்டு வேலை பார்த்த உங்களுக்கு அது இருக்க வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் நிலையில் அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. காமன்வெல்த் உதவித்தொகை, ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவற்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

இன்னொரு வழி, இங்கேயே எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுநிலைப் படிப்பைப் படிப்பது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் உங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயணம்தான். சேர்க்கைத் தகுதியை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள 7 லட்சத்தோடு, தேவைப்பட்டால் இன்னொரு 7 லட்சம் கடன் வாங்கினாலும் அதே வட்டியில் ஏழு ஆண்டுத் தவணை மாதம் சுமார் 11,800 ரூபாய்தான் வரும். இந்தியாவில் வாங்கும் சம்பளத்திலேயே கட்டிவிடலாம்.

இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. இந்தியா 2014-இல் போலியோ இல்லாத நாடானது. இரண்டுமே வீடு வீடாக, ஊர் ஊராக நடந்த களப்பணியால் வந்தவை. இங்கே படித்துவிட்டு அப்படிப்பட்ட களப்பணி அனுபவம் சேர்ந்த பிறகு ஐ.நா. அமைப்புக்கு நீங்கள் அனுப்பும் விண்ணப்பத்துக்கு இன்று இல்லாத எடை இருக்கும்.

வரிச் சலுகைக்காகக் கடன் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு.

உதவித்தொகை கிடைத்து, பிணையில்லாத சிறு கடன் போதும் என்ற நிலை வந்தால் தயங்காமல் புறப்படுங்கள். அப்போது மீண்டும் எழுதுங்கள். தவணைக் கணக்கைச் சேர்ந்தே போடலாம்.