ஷார்ட்கட் நோட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். கூடவே மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளும். தமிழும் பொது அறிவும் சமாளித்துவிடுவேன். ஆப்டிட்யூட் என்கிற கணக்குப் பகுதிதான் உதைக்கிறது. வீடியோக்களைப் பார்த்து ஒரு நோட்டு நிறைய ஷார்ட்கட் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் போட்ட மாதிரியே கணக்கு வந்தால் போட்டுவிடுகிறேன். மாக் டெஸ்டில் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எந்த ஃபார்முலா என்றே தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவளுக்கு இனிமேல் இது வருமா? எந்த ஷார்ட்கட் புத்தகம் வாங்கலாம்? தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் விடை குறிக்கலாமா?

ஆர்., கடலூர்

அன்புள்ள ஆர்.,

வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குரூப் 4-இன் 200 கேள்விகளில் 25 தான் இந்தப் பகுதி. சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), பரப்பளவு, கன அளவு, நேரமும் வேலையும், அப்புறம் பகடை, எண் தொடர் என்று பாடத்திட்டம் முழுக்கப் பள்ளிக்கூடத்துச் சரக்கு. நீங்கள் விட்டதாகச் சொல்லும் பத்தாம் வகுப்புக்குள் எல்லாம் வந்துவிடுகிறது. அதனால் புதிதாகப் புத்தகம் வாங்க வேண்டாம். 8ஆம் வகுப்பு சமச்சீர் கணக்குப் புத்தகத்தில் ‘வாழ்வியல் கணிதம்’ என்று ஓர் இயல் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்கள் நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வியைப் படித்ததும் “இதற்கு எந்த ஃபார்முலா?” என்று தேடுகிறீர்கள். அதற்குப் பதிலாக “இந்தக் கதையில் எது மாறாமல் நிற்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிக் கணக்கு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

நேரம்–வேலை கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வேலையை அ 12 நாளில் முடிப்பார், ஆ 18 நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? உங்கள் நோட்டில் பெருக்கலைக் கூட்டலால் வகுக்கும் வரி இருக்கும்; அதில் 7 1/5 நாள் என்று வந்துவிடும். சரி. கேள்வியை இப்படி மாற்றுகிறேன்: வேலை முடிவதற்கு 3 நாள் முன்பே அ போய்விட்டார் என்றால் மொத்தம் எத்தனை நாள்? அந்த வரி இங்கே உதவாது. மாறாமல் நிற்பது வேலை. அதற்கு ஓர் அளவு கொடுங்கள். 12, 18 இரண்டுக்கும் மீ.சி.ம. 36. வேலை 36 பங்கு என்றால் அ நாளைக்கு 3 பங்கு, ஆ 2 பங்கு. கடைசி 3 நாள் ஆ தனியாகச் செய்தது 6 பங்கு. மீதி 30 பங்கை இருவரும் நாளைக்கு 5 வீதம் 6 நாளில் முடித்திருப்பார்கள். மொத்தம் 9 நாள். குழாய், தொட்டி என்று வந்தாலும் இதே வழிதான். நீரை வெளியேற்றும் குழாய்க்கு மட்டும் கழித்தல் குறி.

இப்படிப் பழகினால் இன்னொன்றும் கிடைக்கும். முதல் கேள்வியில் இருவரும் அ மாதிரியே வேகமானவர்கள் என்றால் 6 நாள், இருவரும் ஆ மாதிரி என்றால் 9 நாள். அப்படியானால் விடை 6-க்கும் 9-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். கணக்குப் போடுவதற்கு முன்பே நான்கில் இரண்டு விடை கழன்றுவிடுவது இந்த மாதிரிக் கேள்விகளில் சாதாரணம்.

அடுத்து, நீங்கள் தனித்தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கக்கூடிய இரண்டு கணக்குகள். முந்திரிப் பருப்பு விலை 25 சதவீதம் ஏறுகிறது; செலவு கூடாமல் இருக்க வாங்கும் அளவை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? பஸ் வேகம் 25 சதவீதம் கூடுகிறது. பயண நேரம் எத்தனை சதவீதம் குறையும்? ஒன்றில் செலவு மாறவில்லை, மற்றதில் தூரம் மாறவில்லை. இரண்டும் ஒரே கணக்கு! 4 பங்கு 5 பங்காக ஏறினால், எதிர்ப்பக்கம் 5 பங்கு 4 ஆக இறங்கும். ஐந்தில் ஒன்று, அதாவது 20 சதவீதம். இது கண்ணில் பட்ட நாளில் உங்கள் நோட்டின் பாதி பக்கம் தேவையில்லாமல் போகும்.

சராசரி வேகமும் அப்படித்தான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், 60-இல் திரும்பினால் சராசரி 50 அல்ல. உண்மையான தூரம் நமக்குத் தேவையே இல்லை. வசதிக்கு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48.

கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் 2 வருட வித்தியாசம் கேட்பார்களே, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு அது. 8,000 ரூபாய், 5 சதவீதம். முதல் வருட வட்டி 400. கூட்டுவட்டியில் இரண்டாம் வருடம் கூடுதலாக வருவது அந்த 400-க்கான வட்டி மட்டுமே: 20 ரூபாய். வித்தியாசம் அவ்வளவுதான். ஃபார்முலாவில் வட்டி வீதத்துக்கு வர்க்கம் ஏன் வருகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது, வட்டிக்கு வட்டி.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல வங்கித் தேர்வுகளின் முதல்நிலையில் 35 கணக்குக்கு 20 நிமிடம். ஒன்றுக்கு 34 விநாடிதான். அங்கே 17-இன் வர்க்கத்தைப் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. 30 வரை வர்க்கங்கள், 20 வரை வாய்ப்பாடு, 1/6 என்றால் 16 2/3 சதவீதம், 1/8 என்றால் 12 1/2 சதவீதம் என்ற மாதிரிப் பின்னங்கள், இவை நாக்கு நுனியில் இருக்கட்டும். மாக் டெஸ்டில் தவறிய கணக்குகளை மறுநாள் கடிகாரம் இல்லாமல் போடுங்கள். விளக்க வீடியோவை அதற்கப்புறம் பாருங்கள். புது டெஸ்ட் எழுதுவதைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குருட்டாம்போக்கு விஷயம். குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் விடாதீர்கள். எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் சரிக்கு 2, தவறுக்கு அரை குறையும். நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 2-இல் ஒன்றரை போக அரை மிச்சம். இரண்டு விடையை நீக்க முடிந்தால் தயங்கவே வேண்டாம். வங்கித் தேர்வில் ஐந்து விடைகள், தவறுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு குறையும். ஐந்து கேள்வியில் ஒன்று சரி, நான்கு தவறு என்றால் கையில் பூஜ்யம். அங்கே ஒரு விடையையாவது நீக்கிய பிறகே குறியுங்கள்.

அடுத்த மாக் டெஸ்டில் தவறிய கணக்குகளை, நீங்கள் போட்ட வழியோடு சேர்த்து அனுப்புங்கள். எங்கே சிக்குகிறது என்று பார்க்கலாம்.

அன்புடன்