நைட்ரேட் உரமும் தீயும்: கேள்வி பதில்

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் ஒரு கீரைப் பண்ணையின் உரக்கிடங்கு என் பொறுப்பு. உரத்தைப் பத்திரமாக வைப்பது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணா, எங்கள் சமூகத் தோட்டக் கொட்டகையில் உரமும் புல்வெட்டிக்கான பெட்ரோலும் ஒன்றாக இருக்கின்றன. பரவாயில்லையா?

கூடவே கூடாது. இன்றைக்கே பெட்ரோலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். எந்தக் கிடங்குக்குப் போனாலும், உரத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பையில் வட்டத்தின் மேல் தீச்சுடர் எரிவதுபோல் ஒரு சின்னம் இருக்கிறதா பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட் பையில் இருக்கும். மற்ற பொருள்கள் எரிய அது ஆக்சிஜன் கொடுக்கும் என்று அர்த்தம். டீசல், எண்ணெய்த் துணி, கந்தகப் பொடி, மரத்தூள் எதுவும் அதன் அருகில் வேண்டாம்.

பையின் அடியில் இருக்கும் மரத்தட்டையும் கவனியுங்கள். கிழிந்த பையிலிருந்து சிந்தும் உரம் நம் ஊர் ஈரத்தில் கசிந்து மரத்துக்குள் ஊறிவிடும். காய்ந்தபின் அந்தக் கட்டை சாதாரண மரம்போல் எரியாது, மூர்க்கமாக எரியும். பிளாஸ்டிக் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே சிந்தியதைக் கூட்டி மறுபடி பையில் கொட்டாதீர்கள்.

யூரியா வெடிக்குமா? பெய்ரூட்டில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 4 அன்று அங்கே வெடித்தது அம்மோனியம் நைட்ரேட், சுமார் 2,750 டன். யூரியா வேறு பொருள், அப்படி வெடிக்காது. ஆனால் நீச்சல்குளக் குளோரினோடு மட்டும் அதைச் சேர்த்து வைக்காதீர்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் மண்ணில்லாமல் கீரை வளர்க்கிறேன். உரக்கரைசல் ஏ, பி இரண்டையும் ஒரே போத்தலில் கலந்து வைக்கலாமா?

கெட்டியாகக் கலந்தால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து அடியில் படியும். உரம்தான் வீண், ஆபத்தில்லை. அமிலத்தன்மையைக் கூட்ட ஊற்றுவீர்களே, அந்த அமிலம்தான் எனக்குக் கவலை. தயவுசெய்து அதைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

ரசாயனத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மணலைப் போட்டு மூட வேண்டும் என்றுதான் ஜூரோங்கில் வேலை பார்த்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஐயா, சில உலோகங்களுக்கு அது சரி. நைட்ரேட் தன் ஆக்சிஜனைத் தானே வைத்திருக்கிறது. காற்றை அடைத்து அதை அணைக்க முடியாது. மணலும் உலர்பொடித் தீயணைப்பானும் உதவாது. நிறையத் தண்ணீர் அடித்துச் சூட்டைக் குறைப்பதுதான் வழி.

சரி, கதவைச் சாத்திவிட்டால் தீ பரவாதே?

அதைத்தான் செய்யவே கூடாது! 1947 ஏப்ரல் 16, டெக்சஸ் சிட்டி துறைமுகம். கிராண்ட்கேம்ப் கப்பலில் உரம் புகைந்தது. தண்ணீர் அடித்தால் சரக்கு கெட்டுவிடும் என்று கப்பலின் அறைகளை மூடி, உள்ளே நீராவியைச் செலுத்தினார்கள். சூடு ஏறியது, அடைபட்ட வாயுவுக்கு வெளியே போக வழியில்லை. கப்பல் வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நைட்ரேட் கிடங்குக்குக் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும், ஐயா.

அப்படியென்றால் நாங்களே குழாயை எடுத்துத் தண்ணீர் அடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. மூட்டை வரைக்கும் தீ போய்விட்டால் ஓடுங்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடுங்கள். தூரம் போனபிறகு தீயணைப்புப் படையின் 995-ஐ அழையுங்கள். 2013-இல் டெக்சசின் வெஸ்ட் என்ற ஊரில் உரத்தை மரத்தொட்டிகளில் வைத்திருந்தார்கள். தீ தெரியவந்து சுமார் 20 நிமிடத்தில் வெடித்தது. இறந்த 15 பேரில் பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள்.

நைட்ரேட் தீயில் எழும் பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். நம்பாதீர்கள். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

யூரியா மூட்டை தாழ்வாரத்தில் இருக்கிறது, வெடிக்குமா?

மேலே சொல்லிவிட்டேன், வெடிக்காது. ஆனால் தாழ்வாரம் ஆட்கள் தப்பிக்கும் வழி. எந்த மூட்டையும் அங்கே வேண்டாம். பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

பண்ணைக்கு அம்மோனியம் நைட்ரேட் வரவழைக்கலாமா?

காவல்துறை உரிமம் இல்லாமல் முடியாது. அவர்களிடமே கேளுங்கள்.

பூச்சிமருந்து வைப்பது எப்படி?

அது என் துறை இல்லை. உரத்தோடு ஒரே அறையில் வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கிடங்கில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை எங்கே வைப்பது?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. கிடங்குக்குள் வைத்தால் தீயோடு அதுவும் போய்விடும். பொருளின் பெயர், எடை, எந்த மூலையில் இருக்கிறது என்று எழுதி, பண்ணையின் வெளிவாசலில் தண்ணீர் புகாத உறையில் மாட்டுங்கள். தீயணைப்பு வண்டி அங்கேதான் முதலில் வந்து நிற்கும்.