பழைய மாதிரியில் கித்தான் டூல் ரோல் தைத்தல்: கேள்விகளும் பதில்களும்

பழைய மோட்டார் சைக்கிள், ஜீப், பட்டறைக் கருவிகள் ஆகியவற்றோடு வந்த கித்தான் டூல் ரோல்களை, அதாவது கருவிகளைப் பைகளில் செருகிச் சுருட்டிக் கட்டும் உறைகளை, மூலத்தில் இருந்தபடியே மறுபடி தைத்துக்கொள்ள விரும்பும் சிங்கப்பூர் வாசகர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கப்பல் பழுதுபார்ப்புத் துறையில் உயிர்காப்புப் படகுகளுக்கான கித்தான் உறைகளைப் பல ஆண்டுகள் தைத்தவன் என்ற முறையில், என் கையால் செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பொங்கோலிலிருந்து ஒருவர்: வீட்டில் சாதாரண மின்சாரத் தையல் இயந்திரம் இருக்கிறது. "ஹெவி டியூட்டி" என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. இது போதுமா?

எத்தனை அடுக்குகளைத் தைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். பின்புறத் துணி ஒன்று, பையின் துணி ஒன்று, ஓரத்தைச் சுற்றி மடித்த பட்டை இரண்டு என்று ஓரத்தின் நடுப்பகுதியில் நான்கு அடுக்குக்கு மேல் வராது. ஆனால் பையின் வாய்மடிப்பு ஓரப்பட்டையோடு சேரும் மூலையில் அதுவே ஆறாகவும், கட்டும் நாடாவும் அங்கேயே வந்தால் எட்டாகவும் ஆகிவிடுகிறது. வீட்டு இயந்திரங்கள் தடுமாறுவது அந்த மூலையில்தான். அவற்றின் சிறிய மோட்டார் வேகமாகச் சுற்றும்போது மட்டுமே முழு வலுவைத் தரும் என்பதால், நீங்கள் மூலையில் பெடலை மெதுவாக மிதித்தால் ஊசி கித்தானில் நின்றுவிடும், வேகமாக மிதித்தால் கோடு தவறிவிடும்.

ஆகவே மூலைகளில் பெடலை விட்டுவிட்டு, வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். 10 அவுன்ஸ் கித்தானும் (ஒரு சதுர கஜத் துணியின் எடை) டெக்ஸ் 70 நூலும் (டெக்ஸ் என்பது நூலின் கனத்தைக் குறிக்கும் எண்) என்றால் பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் இவ்வகையில் ஒத்துழைக்கும். இதே காரணத்தால்தான் கையால் சுற்றும் பழைய சிங்கர் 201கே போன்ற இயந்திரங்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்யப்பட்ட அந்த இயந்திரத்தில் பெல்ட்டுக்குப் பதிலாகப் பல்சக்கரங்களே அடியில் உள்ள நூல் கொக்கியை ஓட்டுகின்றன. கை எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் ஊசியின் வலு குறைவதில்லை.

தொடர்ந்து பல ரோல்கள் தைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டுமே வாக்கிங் ஃபுட் இயந்திரத்தை, அதாவது துணியை மேலிருந்து அழுத்தும் ஃபுட்டும் சேர்ந்து நகரும் இயந்திரத்தைப் பற்றி யோசியுங்கள். சாதாரண இயந்திரத்தில் கீழே உள்ள பல் மட்டும் துணியை நகர்த்துவதால், மேல் அடுக்கு சிறிது சிறிதாகப் பின்தங்கி, 30 செ.மீ. நீளத்தின் முடிவில் சில மி.மீ. விலகி நிற்கும். ஜூக்கி டிஎன்யூ-1541, சிங்கர் 111டபிள்யூ155 போன்றவற்றில் பல், ஊசி, உள் ஃபுட் மூன்றும் ஒன்றாக நகர்வதால் இந்த விலகல் வருவதில்லை.

உட்லண்ட்ஸ் வாசகர்: மூடிய தொழிற்சாலையிலிருந்து ஒரு வாக்கிங் ஃபுட் இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் பணம் கொடுப்பதற்குமுன் மேசைக்கு அடியில் குனிந்து மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஒற்றைக் கட்ட மின்சாரம். தொழிற்சாலை மோட்டார்கள் பல 400 வோல்ட் மூன்று கட்ட மின்சாரத்துக்கானவை. நான் முதன்முதலில் வாங்கிய இயந்திரம் அப்படிப்பட்டதுதான். விற்றவர் அதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பேர் உதவியோடு மின்தூக்கியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதைச் செருக வீட்டில் இடமே இல்லை என்பது புரிந்தது.

அதற்காக இயந்திரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு, 230 வோல்ட்டில் ஓடும் சர்வோ மோட்டாரைப் பொருத்துங்கள். கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காதபோதும் ஓடி இரைந்துகொண்டே இருக்கும்; சர்வோ, பெடலை மிதிக்கும்போது மட்டும் சுற்றும். மோட்டாரில் உள்ள கப்பியைச் சிறியதாக மாற்றினால் வேகம் குறைந்து வலு கூடும், நமக்கு வேண்டியது அதுதான். மேசைக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு, இரவு உணவு நேரத்துக்குமுன் தையலை நிறுத்திக்கொள்ளுங்கள். கீழ்வீட்டாருக்கு நம் இயந்திரம் கூரையில் ஒலிக்கும் சத்தம்.

தெம்பனிஸிலிருந்து ஒரு சகோதரி: செருப்புத் தைப்பவர் ஒருவரிடமிருந்து சிங்கர் 29கே வந்திருக்கிறது. அதில் தைக்கலாமா, ஐயா?

முடியும், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன், அம்மா. அது காலணியின் உட்புறத்தைத் தைக்க ஏற்பட்டது. நீண்ட நேர்கோடு அதில் எளிதில் வளையும், அடிநூல் சுற்றிய பாபினும் மிகச் சிறியது. கொக்கி வாரைத் தைத்து இணைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளமெண்டி வாசகர்: எந்தக் கனத்தில் கித்தான் வாங்குவது? கடைக்காரர் "10" என்கிறார், அது அவுன்ஸா என்று தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தில் பலர் பணத்தை இழக்கிறார்கள். பழைய அமெரிக்க வழக்கில் "10ஆம் எண்" கித்தான் என்பது சதுர கஜத்துக்கு ஏறத்தாழ 14.75 அவுன்ஸ், எண் கூடக் கூடத் துணி மெலியும். "10 அவுன்ஸ்" என்பது வேறு, அது சதுர மீட்டருக்கு 340 கிராம் அளவுதான். கடைக்காரரோடு வாதாட வேண்டாம். ஒரு துண்டு வாங்கி, 20 செ.மீ. சதுரமாக வெட்டி, சமையலறைத் தராசில் வையுங்கள்: 16 கிராம் காட்டினால் அது 12 அவுன்ஸ், 20 கிராம் காட்டினால் ஏறத்தாழ 15 அவுன்ஸ். கையடக்கமான மோட்டார் சைக்கிள் ரோலுக்கு 10 முதல் 12 அவுன்ஸ் போதும். பட்டறை ஸ்பேனர்களுக்கு 15.

அதே துண்டின் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் உறையும். பழைய மாதிரிக்குப் பருத்தியே வேண்டும். அராப் ஸ்திரீட் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். நாடா, பித்தளைக் கொக்கி போன்றவற்றைப் பீப்பள்ஸ் பார்க் பகுதியின் தையல் பொருள் கடைகளிலும், பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மாடியில் உள்ள ராணுவப் பொருள் கடைகளிலும் தேடலாம். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, பார்த்துத் தைப்பதற்கான பழைய மூல ரோல்கள் கண்ணில் படுவது அரிதாகிவிட்டது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

வெட்டுவதற்குமுன் ஒரு துண்டை நனைத்து உலர்த்தி, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பாவு நூல், அதாவது நெசவில் துணியின் நீளத்துக்கு ஓடும் நூல், ரோலின் நீளவாக்கில் ஓடட்டும்.

ஜூரோங் வாசகர்: தையல் விட்டுவிட்டு விழுகிறது, நூலும் அறுகிறது.

நூலுக்கு ஊசி சிறியது என்று நினைக்கிறேன். டெக்ஸ் 70 நூலுக்கு 16 அல்லது 18ஆம் எண் ஊசி, டெக்ஸ் 90க்கு 18 அல்லது 20, டெக்ஸ் 135க்கு 22 அல்லது 23. வீட்டு இயந்திரம் டெக்ஸ் 70க்கு மேல் ஏற்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாக்கிங் ஃபுட் இயந்திரத்துக்கு 135×17 வகை ஊசி வாங்குங்கள். 135×16 தோலை வெட்டும் முனை கொண்டது, அது கித்தானின் இழைகளை அறுத்துவிடும். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் மூன்று தையல் வரை விரலால் பிடித்துக்கொண்டால் அடியில் சிக்கல் விழாது.

பீஷானிலிருந்து ஒரு தம்பி: என்னிடம் பழைய பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிளின் ஸ்பேனர்கள் உள்ளன. பைகளின் அகலத்தை ஸ்பேனரில் உள்ள அளவைக் கொண்டு கணக்கிட்டேன், எதுவும் நுழையவில்லை, அண்ணா.

அந்த எண் ஸ்பேனர் வாயின் அளவே அல்ல, தம்பி. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் திருகு அளவு முறையில் ஸ்பேனரில் பொறித்திருப்பது போல்ட்டின் விட்டம். 3/8 என்று பொறித்த ஸ்பேனரின் வாய் 0.710 அங்குலம், அதாவது 18 மி.மீ.; அதன் தலையின் வெளி அகலம் அதைவிட இரு மடங்குக்கும் மேல். ஆகவே எண்ணை மறந்துவிட்டு, தலையின் அகலத்தையும் கனத்தையும் அளந்து கூட்டி, அதனோடு 6 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். என் மேசையில் உள்ள ஒன்றின் தலை 41 மி.மீ., கனம் 8 மி.மீ.; அதற்கு 55 மி.மீ. பை சரியாக வருகிறது. கனத்தைக் கூட்டாமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை.

எல்லாக் கருவிகளையும் வரிசையாகப் பரப்பி, கோடுகளைத் தையல்காரர் சுண்ணாம்பால் வரைந்த பிறகே தையுங்கள். ஒவ்வொரு கோட்டையும் அடிமடிப்பில் தொடங்கி வாயை நோக்கிக் கொண்டுபோய், வாயில் மூன்று தையல் திருப்பித் தைத்து நிறுத்துங்கள். ஸ்பேனரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் விழுவது அந்த மூன்று தையல்களின் மீதுதான்.

தோ பாயோ வாசகர்: மூலைக்கு வந்தாலே ஊசி ஒடிகிறது.

மூலையை இரும்புப் பலகையின் மீது வைத்து மரச்சுத்தியால் நன்றாகத் தட்டி நசுக்குங்கள். பிறகு ஃபுட் மேட்டில் ஏறும்போது, அதே கனத்துக்கு மடித்த கித்தான் துண்டு ஒன்றை ஃபுட்டின் பின்பாதிக்கு அடியில் செருகினால் ஃபுட் சாயாமல் மட்டமாக நிற்கும். ஊசி ஒடிவது கித்தானின் கடினத்தால் அன்று. ஃபுட் சாயும்போது துணியை நாம் இழுக்கிறோம், ஊசி வளைந்து தகட்டில் மோதுகிறது.

செங்காங் வாசகர்: மூலத்தைப் போலவே தெரிவதற்குத் தேயிலைச் சாயம் ஏற்றி, ராணுவ முத்திரையும் அச்சிடலாமா?

சாயம் உங்கள் விருப்பம். மூலத்தோடு ஒத்துப்போவது நிறத்தைவிடத் தையலைப் பொறுத்தது. என் தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த காலத்து ரோல் ஒன்று என்னிடம் இருக்கிறது. பச்சை நிறம் வெளிறி வைக்கோல் நிறமாகிவிட்டது, வலதுகைப் பக்கத்து முதல் பையின் வாயில் எண்ணெய்க் கறை பெருவிரல் அளவுக்குப் பதிந்திருக்கிறது. ஆனால் அளவுகோலை வைத்தால் இன்றும் ஓர் அங்குலத்துக்கு ஏழு தையல், ஓரம் முழுவதும் மாறாமல். நானும் 3.6 மி.மீ. தையல் நீளம் வைத்தே தைக்கிறேன். அதற்கும் நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம்போலத் துளைகள் வரிசையாகி, துணி அங்கேயே கிழியும்.

முத்திரை விஷயத்தில் என் கருத்து உறுதியானது. பிரிட்டிஷ் ராணுவத்தின் அகன்ற அம்புக்குறியை உங்கள் சொந்த வண்டிக்காக அச்சிட்டாலும், உட்புறத்தில் நீங்கள் தைத்த ஆண்டை அழியாத மையில் எழுதிவிடுங்கள். நாளை அந்த ரோல் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. 1943இல் தைத்தது என்று நம்பி ஒருவர் பணம் கொடுக்கும் நிலைக்கு நம் தையல் காரணமாகக் கூடாது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு சகோதரி: தைத்து மூன்று மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

நம் ஊர் ஈரத்தில் பருத்திக்கு இது நேரும். ரோலை வெயிலில் விரித்துக் காயவைத்து, பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு தேன்மெழுகையும் பாரஃபின் மெழுகையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து ஒன்றாக உருக்கி, வெளிப்புறத்தில் மட்டும் மெல்லத் தடவி, முடி உலர்த்தியால் சூடுகாட்டி ஊறவிடுங்கள். உட்புறத்திலும் தடவினால் கருவிகளில் மெழுகு ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே செருகுங்கள். வண்டியை எடுக்காத மாதங்களில் ரோலை இறுக்கிக் கட்டாமல், அலமாரியில் தளர்வாக வைத்திருங்கள்.