மகள் எடுத்த ப்ராஜெக்ட்டை மாற்றச் சொல்லாதீர்கள், அம்மா

காந்தக் கவசத்துக்கான (வெளிக் காந்தப்புலம் கருவியை எட்டாமல் தடுக்கும் உறை) அமார்ஃபஸ் உலோகம் (அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமையாத உலோகம்) என்று மகள் ப்ராஜெக்ட் எடுத்திருக்கிறாள், இதைப் படித்தவளுக்கு யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கவசம் மட்டுமே செய்கிற கம்பெனிகள் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் கற்றுக்கொள்ளப்போவது கவசத்தை மட்டும் இல்லை.

உருக்கிய கலவையை வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல் பாய்ச்சினால் நொடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்து, அணுக்கள் வரிசை கட்ட நேரமே இல்லாமல், தலைமுடியைவிட மெல்லிய ரிப்பனாக வந்து விழும். அதில் நூற்றுக்கு 20 அணுக்கள் போல போரானும் சிலிக்கானும். அவை இல்லாவிட்டால் படிகமாகிவிடும். மீதி 80-இல்தான் விஷயமே இருக்கிறது. இரும்பை நிறையப் போட்டால் 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையை அளக்கும் அலகு) வரை தாங்கும், விலையும் குறைவு, ஆனால் காந்தப்புலம் பட்டால் அதன் நீளம் துளி மாறும், அதனாலேயே வளைத்தால், அழுத்தினால் கவசத் திறன் இறங்கிவிடும். அந்த 80-க்குள் கோபால்ட்டைப் பிரதானமாக வைத்து 94 பங்குக்கு 6 பங்கு என்ற கணக்கில் இரும்பு சேர்த்தால் அந்த நீள மாற்றம் கிட்டத்தட்ட பூஜ்யம். மிகப் பலவீனமான புலத்தைக்கூட தன் வழியே இழுத்துக்கொள்ளும், ஆனால் அரை டெஸ்லாவைத் தாண்டியதுமே தெவிட்டிவிடும், அதாவது அதற்கு மேல் புலத்தை இழுத்துக்கொள்ளாது. அதனால்தான் வலுவான புலம் இருக்கும் இடத்தில் வெளி அடுக்கு இரும்புக் கலவை, உள் அடுக்கு கோபால்ட் என்று வைப்பார்கள்.

இன்னொன்று பாருங்கள். கவசத்தில் வேண்டாத அந்த நீள மாற்றத்தை நம்பித்தான் கடைகளில் திருட்டைத் தடுக்கும் ஒருவகைப் பட்டை வேலை செய்கிறது! அங்கே இரும்பு-நிக்கல் கலவை போடுவார்கள். ஒரு தனிமத்தை ஏன் சேர்க்கிறோம், எவ்வளவு சேர்க்கிறோம் என்று அவளுக்குப் பிடிபட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கோர், கரண்ட் சென்சார், பவர் எலக்ட்ரானிக்ஸ் என்று எந்த நேர்காணலுக்கும் தைரியமாகப் போகலாம்.

அவளிடம் இப்போதே ஒன்று கேளுங்கள்: ரிப்பனைச் சூடாக்கிப் பதப்படுத்தும் உலையும், பி-எச் (B-H) வளைவு, அதாவது புலம் கூடக் கூட உலோகம் எவ்வளவு காந்தமாகிறது என்று காட்டும் வரைபடம், எடுக்கும் கருவியும் லேபில் இருக்கிறதா? இல்லையென்றால் வேறு லேபில் நேரம் வாங்கித் தரும்படி கைடிடம் இந்த மாதமே பேசச் சொல்லுங்கள். சரியாகப் பதப்படுத்தாமல் அளந்தால் கலவையால் வந்த வித்தியாசம் எது, குளிரும்போது உள்ளே தங்கிப்போன இறுக்கத்தால் வந்தது எது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியாது.