பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டால் எப்போது மறுபடி ஓடலாம்?

ஹாம்ஸ்ட்ரிங் என்பது, உட்காரும்போது தரையில் படும் எலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பின்தொடையில் போகும் 3 தசைகள். வேகமாக ஓடுகையில் கால் முன்னே வீச, இவை நீள்கின்றன. அதே நொடியில் காலைப் பிடித்து நிறுத்தவும் பார்க்கின்றன. வடம் இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் இழுக்க, கயிற்றின் இழைகள் அறுவது போலத்தான், தசையின் இழைகளும் கிழிகின்றன.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கம் சனிக்கிழமை கால்பந்து ஆடும் தம்பிகளே, சுருக்கென்றதும் வெளியே வந்துவிடுங்கள், தயவுசெய்து. முதல் 2, 3 நாள் ஓய்வு. துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். இழுத்து நீவ வேண்டாம். அப்புறம் வலிக்காத அளவு நடை, மெல்ல வலுப்பயிற்சி. ‘டப்’பென்று சத்தம் கேட்டாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.

நடக்கும்போது வலிக்கவில்லை என்றால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. முழு வேகத்தில் ஓடியும் வலிக்காதபோதுதான் ஆட்டத்துக்குத் திரும்பலாம்.